ஜெட்டுக்குள் ஒரு இழைக் கம்பி

என் மனைவியின் வேலையை ஒரு செப்புக் கம்பி இழையால் தொலைக்கப் பார்த்தவன் நான். தொலையாமல் காப்பாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவளே. இன்னொருவர் செங்கல்பட்டில் மெக்கானிக் கடை வைத்திருந்த பாய். இருவருக்கும் அப்போது நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. முன்கோபக்காரனுக்குக் கோபம்தான் முன்னால் வரும், நன்றியெல்லாம் பின்னால்தான் வரும். என் விஷயத்தில் அது ரொம்பவே பின்னால் வந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. பெட்ரோல் விலை ஏறி, ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள்கூடப் பழைய சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்த காலம். நான் செங்கல்பட்டில் ஒரு சோப்பு ஏஜென்சியில் ஆர்டர் எடுக்கும் வேலையில் இருந்தேன். திருக்கழுக்குன்றம், மகாபலிபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடை கடையாக ஏறி இறங்கி, எழுதிய ஆர்டரைச் சாயங்காலம் ஏஜென்சியில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்குப் படாளம் பக்கம். விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் முதன்முதலாக டீச்சர் டிரெயினிங் முடித்தவள் அவள்தான். முடித்துவிட்டு நான்கு வருஷம் வேலைவாய்ப்பு அலுவலக அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது வருஷம், மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. சர்க்கார் உதவி வாங்கும் தனியார் பள்ளிக்கூடம். இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து 'அப்ரூவல்' கொடுக்கும் வரைக்கும் வேலை நிரந்தரம் இல்லை. மேனேஜருக்கு ஒரு சொந்தக்காரப் பெண் வேறு, டிரெயினிங் முடித்துத் தயாராக இருந்தாள்.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். விடியற்காலை பஸ் ஒன்று உண்டு, ஆனால் அது வந்தால் வரும். அது வராத அன்றைக்கு அடுத்த பஸ்ஸில் போனால் பிரேயர் முடிந்துவிடும். முதல் மாதத்திலேயே இரண்டு முறை அப்படி ஆயிற்று. ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். இரண்டாம் முறை அவளைக் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி லேட்டாச்சின்னா மேனேஜர்கிட்ட என்னால பேச முடியாதும்மா. அப்ரூவல் வர்ற வரைக்கும் எப்டியாவது டைமுக்கு வந்துடு" என்று சொன்னார்.

அவள் வீட்டுக்கு வந்து அழவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அவ்ளோதான் போலங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான்கு வருஷமும் இருந்தது. அந்த வாரமே நான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன்.

அச்சரப்பாக்கத்தில் ஒரு நெல் வியாபாரி ஓட்டிச் சலித்த வண்டி. சின்ன இன்ஜின், இரண்டு ஸ்ட்ரோக். இந்த வகை வண்டிக்கு ஆயிலைத் தனியாக ஊற்ற இடம் கிடையாது, பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் போகிற வழியிலேயே ஆயிலும் போய் உள்ளே வழுவழுப்புக் கொடுக்கும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்ப்பரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். பட்டாணி அளவுதான். அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்வது அந்தத் துளைதான். துளை பெரிதானால் வண்டி புகை கக்கும். சிறிதானால் இன்ஜின் பட்டினி கிடக்கும். இதெல்லாம் பிற்பாடு நான் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, எனக்கு எல்லாம் தெரியும் என்பது மட்டும்தான்.

காலை எட்டு இருபதுக்குக் கிளம்பினால் ஒன்பதேகாலுக்குப் பள்ளிக்கூட வாசலில் இருப்போம். ஒன்பதரைக்குப் பிரேயர் மணி. ஹெட்மாஸ்டர் சந்தோஷப்பட்டார். அவளும் சந்தோஷப்பட்டாள். எனக்குத்தான் ஒரு குறை வந்தது. வண்டிக்கு சைலன்ஸர் இடது பக்கம். அவள் உட்கார்ந்து கால் வைப்பதும் இடது பக்கம். பின்னால் வரும் புகையோடு ஆயில் துளித் துளியாகத் தெறித்து, சேலை ஓரத்தில் கடுகு தாளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. பள்ளிக்கூடத்துக்கு என்று அவளிடம் இருந்ததே மூன்று வெளிர்நிறச் சேலைகள்தான். மூன்றும் ஒரே மாதத்தில் புள்ளிச் சேலை ஆயின. நானோ சோப்பு விற்கிறவன். 'எந்தக் கறையும் போகும்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் வண்டி அருகே என் மனைவி அந்தச் சேலையோடு நிற்பாள். சோப்பு போட்டேன், மண்ணெண்ணெய் தடவினேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். புள்ளி வெளுத்ததே தவிரப் போகவில்லை.

அதனால்தான் பாயிடம் போனேன். செங்கல்பட்டு பஜாரிலிருந்து ஏரிக்குப் போகிற பக்கம், ஒற்றை ஷட்டர் கடை. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். கையில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வண்டியை ஓட விட்டு, பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்பார். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வண்டி என்ன கச்சேரியா செய்கிறது?

"அண்ணாத்த, ஆயில் எவ்ளோ ஊத்துறே?"

"ஒரு லிட்டருக்கு ரெண்டு கப்பு."

"பங்க்ல ஒரு கப்புதானே ஊத்துவான்?"

"இன்னொரு கப்பு நான் ஊத்துறேன். பழைய வண்டி, நல்லாருக்கட்டும்னு."

பாய் சிரித்தார். "கொயந்தைக்கு நல்லதுன்னு வௌக்கெண்ணெய தெனம் ஊத்துவியா? ஒரு கப்பு போதும். சைலன்ஸர அவுத்துக் குடுத்துட்டுப் போ, உள்ளாற கரி அடைஞ்சிகினு கீது. நெருப்புல காட்டி எடுத்துடுறேன்."

எடுத்தார். பிறகு இன்ஜினுக்குள் தீப்பொறி விடும் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது. "இதான் கலரு. கறுப்பா இருந்தா தீனி ஜாஸ்தி, வெள்ளையா இருந்தா பட்டினி. பிஸ்கட் கலரு இருக்குதுல்ல, இனிமே ஜெட்டு மேல யாரும் கை வெக்கக் கூடாது. நீயும்தான்."

அந்த 'நீயும்தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. வாரத்துக்கு நான்கோ ஐந்தோ. வேறு எவனாவது இருந்தால் அதோடு விட்டிருப்பான். நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கியதும் குனிந்து சேலை ஓரத்தைப் பார்ப்பேன். ஒரு புள்ளி இருந்தாலும் அன்றைக்கு முழுவதும் கடைக்காரர்களிடம் எரிந்து விழுவேன். சதுரங்கப்பட்டினத்தில் ஒருநாள், வேறு ஒரு கம்பெனியில் என்னைப் போல ஆர்டர் எடுக்கும் ஒருவரைப் பார்த்தேன். டீக்கடையில் என் குறையைச் சொன்னேன். அவர் ஒரு ரகசியம் சொன்னார். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து அந்தப் பக்கம் பாதிப் பேர் வண்டியில் செய்கிற வேலைதானாம். கரண்ட் ஒயரைச் சீவி, உள்ளே இருக்கும் செப்பு இழையில் ஒன்றே ஒன்றை எடுத்து, ஜெட் துளைக்குள் நுழைத்து, இரண்டு முனையையும் மடக்கி விட வேண்டும். துளை சுருங்கும். பெட்ரோல் கம்மியாகப் போகும். மைலேஜுக்கு மைலேஜ், புகையும் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் படாளத்துக்குப் போயிருந்தாள். வாசலில் பழைய பேப்பரை விரித்து, கார்ப்பரேட்டரைக் கழற்றி, மேஜை ஃபேன் ஒயரில் ஒரு இழையை உருவி, வேலையை முடித்தேன். நடுங்காமல் அவ்வளவு சின்னத் துளையில் நுழைத்துவிட்டேன் என்று எனக்கே என் கையின் மேல் ஒரு மரியாதை வந்தது. அத்தோடு நிற்கவில்லை, ஆயிலிலும் கால் கப்பைக் குறைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பாய் கடை இருக்கும் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டேன்.

திங்கட்கிழமை சேலையில் ஒரு புள்ளிகூட இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை அவள் புதுச் சேலை ஒன்றைத் துணிந்து கட்டிக்கொண்டு வந்தாள். இளநீலத்தில் வெள்ளைக் கரை. பள்ளிக்கூட வாசலில் நான் குனிந்து பார்த்து நிமிர்ந்தபோது என் முகம் எப்படி இருந்ததோ, அவள் சிரித்துவிட்டாள். "போதும் பாத்தது. பசங்க பாக்குறாங்க" என்றாள்.

வண்டியின் சத்தம் மாறியிருந்தது. முன்பு கொழகொழவென்று ஓடியது, இப்போது கணீரென்று ஓடியது. எவ்வளவு சுத்தமாக ஓடுகிறது பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் ஒரு நொடி தானாக ஓடிவிட்டுத்தான் நின்றது. அதையும் ஆரோக்கியம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். மைலேஜும் கூடியது. கண்டவர்களிடமெல்லாம் வண்டியைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

அந்த வாரத்திலிருந்து அவளிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் ஏழு முப்பத்தைந்துக்கே கிளம்ப வேண்டும் என்றாள். "கரும்பலகைல எழுதிப் போடணும், சார்ட்டு ஒட்டணும், நெறைய வேல கீதுங்க" என்றாள். எனக்கு இது பெரிய தொல்லையாகப் போயிற்று. இட்லி தொண்டையில் இருக்கும்போதே பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "பள்ளிக்கூடத்துக்குச் சாவி உன்கிட்டயா கீது?" என்று கத்துவேன். அவளோ புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைப் பார்த்தபடி நிற்பாள். எட்டரைக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் இறக்கி விடுவேன். கேட் பூட்டியிருக்கும். அவள் ஒரு பூவரச மரத்தின் கீழே நின்று கை காட்டுவாள். இவளுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்துக்கொண்டே நான் கடைகளுக்குப் போவேன்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்தது. வியாழக்கிழமை. ஹெட்மாஸ்டர் அவளிடம் மறுபடியும் சொன்னார்: பிரேயரின்போதே இன்ஸ்பெக்டர் வந்து நிற்பார், அன்றைக்கு மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதம் ஆகக் கூடாது, அன்றைய பார்வையை வைத்துத்தான் அப்ரூவல். புதன்கிழமை சாயங்காலம் அவள் இளநீலச் சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைத்தாள். நான் வண்டியைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி போல ஆக்கினேன்.

வியாழக்கிழமை நல்ல பனி. ஏழு முப்பத்தைந்துக்குக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஒன்றும் இல்லை. அதைத் தாண்டிக் கடலைப் பார்த்துத் திரும்பியதும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. தை மாதத்துக் காற்று, முகத்தில் அறைந்தது. வண்டி திணறியது. எனக்கோ அன்றைக்கு அவளைச் சீக்கிரமே கொண்டுபோய் நிறுத்தி ஹெட்மாஸ்டரை அசத்த வேண்டும் என்று வீம்பு. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தேன். இரண்டு பக்கமும் பனைமரம், நடுவில் வளையாத ரோடு. ஐந்து நிமிஷம் அப்படி ஓடியிருக்கும்.

கிறீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் சுற்றுவது நின்று, அப்படியே தேய்த்துக்கொண்டு வழுக்கியது. இடது கை தானாகக் கிளட்சைப் பிடித்தது, அதுதான் நாங்கள் செய்த புண்ணியம். வண்டி ஆடி ஆடி ரோட்டோர மணலில் போய் நின்றது. அவள் கீழே விழவில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் உருண்டு போய் வேலிக்காத்தான் புதருக்குள் நின்றது.

அவளுக்கு அடி இல்லை என்று தெரிந்த அடுத்த நொடியே எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியை உதைத்தேன். கிக்கர் கல் மாதிரி நின்றது, இறங்கவே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. "பங்க்ல மண்ணெண்ணெ கலந்துட்டான் பாவி!" என்று கத்தினேன். "நேத்தே எனக்கு சந்தேகம்." அந்தப் பங்க்காரர் செய்யாத பாவம் ஒன்றும் பாக்கி இல்லை என்கிற மாதிரி திட்டினேன். அவள் டிபன் பாக்ஸை எடுத்துவந்து துடைத்தபடி நின்றாள். கையில் கட்டியிருந்த சின்ன வாட்ச்சைப் பார்த்தாள். எட்டு இருபத்தைந்து.

"பஸ்ஸு?" என்றேன்.

"இந்தப் பக்கம் அடுத்த பஸ்ஸு ஒம்போது மணிக்கு மேல. போய்ச் சேரும்போது பிரேயர் முடிஞ்சிடும்."

ரோட்டில் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. பள்ளிக்கூடம் இன்னும் எட்டு கிலோமீட்டர்.

பெட்ரோலும் ஆயிலும் போதாமல் இன்ஜின் சூடேறி உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது என்பது எனக்குத் தெரிந்தது. ஆறினால் விட்டாலும் விடலாம். ஆனால் கம்பி உள்ளே இருக்கும் வரைக்கும், அதே காற்றில், மறுபடியும் பிடிக்கும். அடுத்த முறை பிடித்தால் விடவே விடாது. கம்பியை எடுத்தே ஆக வேண்டும். எடுக்க வேண்டுமானால் அவள் கண் முன்னால் கார்ப்பரேட்டரைத் திறக்க வேண்டும். பெட்ரோல் பங்க்காரர்மேல் போட்ட பழியெல்லாம் அவள் எதிரிலேயே என் தலையில் வந்து விழும். நம்புங்கள், மனைவியின் வேலை போகப்போகிற அந்த இடத்தில் நின்றுகொண்டு, ஒரு முழு நிமிஷம் நான் யோசித்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

டூல் பையைத் திறந்து உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல், "மண்ணெண்ணெ இல்ல. உள்ளாற நான் ஒரு கம்பி வெச்சேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

"சேலைல பொட்டு உழறது நின்னுச்சே, அந்த வாரமே பாய் கடைக்குப் போனேன். சவுண்டு மாறிப்போச்சி, எறங்கும்போது கால்ல சூடு அடிக்குது, இன்னா ஆச்சின்னு கேட்டேன். வண்டிய கண்ணால பாக்காமலே சொல்ட்டாரு. ஜெட்டுல கம்பி வெச்சிகினு கீறாரு டீச்சரம்மா, ஒருநா நடு ரோட்ல நின்னுடும்னு. நின்னா இன்னா பண்ணணும்னு கேட்டேன். ஆற வெச்சி, கம்பிய எடுத்துட்டு, பிளக்கு ஓட்டைல கொஞ்சம் ஆயில் உட்டு மெள்ள உதைக்கணும், முக்கா மணி நேரம் ஆவும்னாரு. அதான் முக்கா மணி நேரம் முன்னாடியே கெளப்பிக்கினு வந்தேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா கத்துவீங்க. அப்பறம் கம்பிய எடுப்பீங்க. எடுத்துட்டு, தெனம் குனிஞ்சி குனிஞ்சி பொட்டு எண்ணுவீங்க." டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, "அத்தப் பாக்க எனக்கு ஒரு மாதிரியா இருந்திச்சி" என்றாள்.

நான் குனிந்து இன்ஜின் பக்கத்தில் கை வைத்துச் சூடு பார்த்தேன்.

இன்ஜின் ஆறும் வரைக்கும் காத்திருந்தோம். அவள் பனை நிழலில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைத் திருகி எடுத்தேன். நுழைத்தபோது இருந்த கைலாவகம் எடுக்கும்போது வரவில்லை. கம்பி முனை நகத்தில் சிக்கவில்லை. அவள் என் கையிலிருந்து ஜெட்டை வாங்கி, தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, மடங்கியிருந்த கம்பியின் ஒரு முனையை அதனால் நிமிர்த்தி, மறுபக்கமாக இழுத்து எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணால் பார்த்து, "தெரியுது, வானம் தெரியுது" என்றாள். பிளக்கைக் கழற்றினேன். சுண்ணாம்பு வெள்ளை. பாய் சொன்ன பட்டினி அதுதான்.

டூல் பையிலிருந்த பாட்டில் ஆயிலில் கொஞ்சம் பிளக் துவாரத்தில் விட்டு, கிக்கரைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். பத்தாவது முறையோ பன்னிரண்டாவது முறையோ, நறுக்கென்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. பிளக்கை மாட்டி உதைத்தேன். நீலப்புகை குபுகுபுவென்று வந்தது. அந்தப் புகையைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேடிக்கைக்கு இல்லை, நிஜமாகவே.

மணி ஒன்பது பத்து. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் திரும்பி, "சேல..." என்று இழுத்தேன். உள்ளே விட்ட ஆயில் எல்லாம் இப்போது வெளியே தெறிக்கும். இன்ஸ்பெக்டர் வருகிற நாள்.

"ஓட்டுங்க மொதல்ல" என்றாள்.

காற்றோடு மல்லுக்கு நிற்காமல், அரை ஆக்ஸிலேட்டரில் ஓட்டினேன். பக்கிங்காம் கால்வாய்ப் பாலம், சவுக்குத் தோப்பு, பிறகு மணல் ரோடு. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தும்போது மணி அடித்துக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் பக்கத்தில், கக்கத்தில் ஃபைலோடு ஒரு கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். அவள் இறங்கி, ஓடாமல், வேகமாக நடந்து போய்த் தன் வகுப்பு வரிசைக்கு முன்னால் நின்றாள். இளநீலச் சேலையின் ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு. இருபது புள்ளிக்குக் குறையாது. தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் சுவர் ஓரம் வண்டியைச் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எந்தக் கடைக்கும் போகவில்லை.

மத்தியான மணி அடித்து, பிள்ளைகள் ஓடிய பிறகு அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் திகைத்தாள்.

"நீங்க இன்னும் போவலியா?"

"இன்னா சொன்னாரு?"

"பசங்கள வாய்ப்பாடு கேட்டாரு. சொன்னாங்க. மேப்புல கடல் எங்க கீதுன்னு கேட்டாரு. ஒரு பையன் ஜன்னலக் காட்டி, தோ கீதுன்னான். சிரிச்சிட்டாரு." அவளும் சிரித்தாள். "அப்ரூவலுக்கு எழுதறேன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்ட்டாரு."

"சேலையப் பத்தி?"

"இன்னா சேல?"

"பொட்டு... யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"நீங்க ஒருத்தர்தாங்க அத்தப் பாக்கறது. வேற யாரு பாக்கறாங்க?"

யோசித்துப் பார்த்தேன். மண்ணெண்ணெயும் எலுமிச்சையும் தேய்த்த நாட்களிலும் சரி, ஒரு தடவைகூட அவள் சேலையைப் பற்றிக் குறை சொன்னதில்லை. அவளுக்கு வேண்டியது மணி அடிக்கும் முன்னால் வாசலில் இறங்குவது ஒன்றுதான். நான்தான் கேட்காததைக் கொடுக்கப் போய், கேட்டதைத் தொலைக்கப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் டிபன் பாக்ஸ் மூடியில் பாதி சோற்றை எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினாள்.

சாயங்காலம் நேராகப் பாய் கடைக்குப் போனோம். ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தெருப் பக்கமே போகாதவன், தெருமுனையிலேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் போனேன். பாய் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்து, "டீச்சரம்மா, டைமுக்குப் போய்ச் சேந்தியா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் வண்டிப் பக்கம் திரும்பினார்.

பிஸ்டனில் இரண்டு கீறல். தேய்த்துச் சரி செய்யலாம், ரிங் மட்டும் மாற்ற வேண்டும் என்றார். செய்தார். ஞாயிற்றுக்கிழமை என்னோடு கடற்கரை ரோட்டுக்கே வந்தார். ஒரு மருந்து டப்பாவில் பழைய ஜெட்டுகள் வைத்திருந்தார், ஒவ்வொன்றின்மேலும் குட்டியாக ஒரு நம்பர். "செங்கல்பட்டுல சரியா இருக்கறது இங்க சரியா இருக்காது அண்ணாத்த. குளிர்ல காத்து கனமா இருக்கும், எதிர்க்காத்து வேற. கனத்த காத்துக்குத் தீனி கொஞ்சம் ஜாஸ்தி வேணும். நீ கொறைச்சிட்டே." எதிர்க்காற்றில் முழு வேகத்தில் ஓட்டி, சாவியைத் திருப்பி அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். வெளிறியிருந்தது. ஒரு நம்பர் பெரிய ஜெட்டைப் போட்டார். மறுபடி ஓட்டினோம், மறுபடி பார்த்தோம். மூன்றாம் முறை பிஸ்கட் நிறம் வந்தது. 'நான் சொல்லலியா' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் வரும் என்று நாள் முழுவதும் காத்திருந்தேன். கடைசி வரைக்கும் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

அப்ரூவல் ஆர்டர் மாசிக் கடைசியில் வந்தது. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் அவளை ஏற்றிக்கொள்ளப் போனபோது காகிதத்தை என்னிடம் நீட்டினாள். சர்க்கார் இங்கிலீஷில் நான்கு வரி. இரண்டு தடவை படித்தேன். ஏறி உட்கார்ந்துகொண்டாள். பழக்கத்தில் நான் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன்.

"இன்னாங்க" என்றாள் பின்னாலிருந்து. "இனிமே லேட்டானா அரை நாள் லீவுதான் போவும். வேல போவாது. மெள்ளப் போங்க."

அவ்வளவு நாளும் என் பின்னால் அவள் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அந்தச் சொல்லில்தான் உறைத்தது. வேலைக்காகப் பயத்தைப் பொறுத்துக்கொண்டாள், அதை ஒருநாளும் என்னிடம் காட்டவில்லை. வேகத்தைக் குறைத்தேன். முப்பது கிலோமீட்டரும் மெதுவாகவே வந்தோம். கால்வாயைத் தாண்டி, ஒரு வளைவில், ரோட்டுக்கு இடது பக்கமாக ஒரு தாமரைக் குளம் இருந்தது. அத்தனை மாதம் அந்த வழியே போய்வந்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

"இது எப்போலேர்ந்து கீது?" என்று கேட்டேன்.

"எப்பவும் கீது. நிறுத்துங்க, கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போலாம்" என்றாள். நிறுத்தினேன்.